எஞ்சினைப் பின்தொடர்ந்த கியர்ப் பெட்டி: போர்ஷே டர்போ கார்களின் வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

மோட்டார் வாகனத்தின் சரித்திரத்தை எழுதியவர்களுள் பெரும்பாலோர், டர்போசார்ஜர் என்னும் சாதனத்தைப் பற்றிப் பேசப் புகும்போது, அது எஞ்சினின் குதிரைத்திறனை எத்தனை மடங்கு பெருக்கிற்று என்ற கணக்கோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். பெருகிய அந்தச் சக்தி கிளட்ச், கியர்ப் பெட்டி, டிஃபரென்ஷியல், ஆக்ஸில் ஆகியவற்றைக் கடந்து, டயர் சாலையைத் தொடும் இடத்தைச் சேர்வதற்குள் எவ்வளவு பாடுபட்டது என்னும் பகுதியோ அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துப் போர்ஷே ஸ்தாபனத்தின் 911 வகைக் கார், 1974 முதல் 1995 வரை அடைந்த மாறுதல்களை ஒழுங்காகப் பின்பற்றிப் பார்ப்பவருக்கு, எஞ்சினைப் பற்றிய பெரிய கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டன என்பதும், அடுத்த இருபது ஆண்டுகளின் உழைப்பு முழுவதும் அந்த எஞ்சினுக்குப் பின்னே நிற்கும் உறுப்புகளை அதற்குத் தகுதியாக்குவதிலேயே சென்றது என்பதும் விளங்கும்.

டர்போவின் தத்துவம் பழமையானது. வீணாக வெளியேறும் புகைவாயுவின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்தும் உபாயத்துக்கு, சுவிட்சர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்ஃபிரெட் பியூகி 1905இல் காப்புரிமை கோரினார். 1925இல் பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றின் திறனை அவர் 1,750இலிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்த்திக் காட்டினார். கப்பலுக்கும் விமானத்துக்கும் பயன்பட்ட பின்னரே அது காருக்கு வந்தது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவ்ரோலே கார்வேர் என்னும் இரு கார்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் டர்போவுடன் வெளிவந்தன. முன்னதில், அமுக்கப்பட்ட காற்றின் உஷ்ணத்தால் பெட்ரோல் உரிய கணத்துக்கு முன்பே வெடித்துவிடாதபடி, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவமொன்றைச் சிறிது சிறிதாக எஞ்சினுக்குள் செலுத்த வேண்டியிருந்தது. அதற்கெனத் தனித்தொட்டி ஒன்று இருந்தது. அத்தொட்டியை நிரப்பி வைக்கும் பொறுமை வாங்கினவர்களுக்கு இல்லாமற் போயிற்று. பின்னது, காற்றால் குளிர்விக்கப்படும் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பின்புறத்தில் தாங்கிய கார். அதாவது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் போர்ஷே கையாண்ட அதே அமைப்பையுடையது. இந்த ஒற்றுமையை வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

போர்ஷேயை டர்போவின் பக்கம் திருப்பியது பந்தய விதி ஒன்றேயாகும். ஹான்ஸ் மெட்ஸ்கர் வகுத்த பன்னிரண்டு சிலிண்டர் 917 கார், 1972இல் ஐரோப்பியப் பந்தயங்களில் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு இடமில்லாமற் போனபோது, எஞ்சின் அளவுக்கு வரம்பு விதிக்காத வட அமெரிக்கக் கான்-ஆம் பந்தயத்தை நாடிச் சென்றது. ஆயினும் அங்கே எட்டு லிட்டர் எஞ்சின்களோடு பிரம்மாண்டமான அமெரிக்கக் கார்கள் காத்திருந்தன. வாலன்டின் ஷெஃபர் முதலிய நிபுணர்கள் இரண்டு டர்போக்களைப் பொருத்தி அக்குறையைத் தீர்த்தார்கள். முழு வேகத்தில் எஞ்சினை ஓட்டிச் சோதிப்பது எளிதாயிருந்தது. பாதி மிதித்த நிலையில் எரிபொருளை எவ்வளவு செலுத்துவது என்பதே பெரும் சிரமமாயிற்று. எஞ்சினியராகவும் சாரதியாகவும் விளங்கிய மார்க் டானஹ்யூ அதற்காகப் பலமுறை வற்புறுத்தி உழைத்தார். 1972இல் அவர் காயமுற்றதால் ஜார்ஜ் ஃபால்மர் சாம்பியனானார். மறு ஆண்டு, 5.4 லிட்டர் எஞ்சினும் 1,100 குதிரைத்திறனும் கொண்ட 917/30இல் டானஹ்யூவே பட்டத்தை வென்றார். அந்த அசுரச் சக்தியைத் தாங்கிய கியர்ப் பெட்டியில் நான்கே கியர்கள் இருந்தன என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில், நம் விஷயத்தின் கரு அங்கேதான் இருக்கிறது.

பந்தயத்தில் கற்றதைச் சாலைக்குக் கொண்டுவரத் துணிந்தவர் அப்போது ஸ்தாபனத்தின் தலைமையிலிருந்த ஏர்ன்ஸ்ட் ஃபூர்மன். காலமோ சிறிதும் அனுகூலமாயில்லை. 1973 இலையுதிர் காலத்தில் எண்ணெய் நெருக்கடி தோன்றிற்று. அவ்வாண்டு பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ, 1,672 கார்களோடு முடிந்துபோயிற்று. ஆயினும், 1974இல் 2.14 லிட்டர் அளவேயுள்ள கரேரா ஆர்.எஸ்.ஆர். டர்போ, லெ மான் 24 மணிப் பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றுத் தன் வலிமையை நிரூபித்தது. (டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும் என்ற விதியாலேயே, மூன்று லிட்டர் வரம்புக்குள் அடங்க அந்த விநோத அளவு பிறந்தது.) அதே ஆண்டு அக்டோபரில், பாரிஸ் கண்காட்சியில் 911 டர்போ விற்பனைக்குரிய உருவில் தோன்றிற்று. ஸ்தாபனத்தின் உள்வழக்கில் அதற்கு 930 என்று பெயர்.

மூன்று லிட்டர் எஞ்சின், 0.8 பார் காற்றழுத்தம், 260 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இன்றைய வாசகருக்கு இவை பெரிதாகத் தோன்றாமலிருக்கலாம். அந்நாளில் ஜெர்மனியின் சாமான்யக் குடும்பத்தின் பீட்டில் கார் ஐம்பது குதிரைத்திறனைத் தாண்டவில்லை. ஆனால் இந்த எண்களைவிட முக்கியமானது வேறொன்று: அமுக்க விகிதம் 6.5 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. முன்வெடிப்பைத் தவிர்க்க வேறு வழியில்லை. அதனால், டர்போவின் சக்கரம் போதிய வேகம் பெறும் வரையில் இந்த எஞ்சின் சோம்பலானது. பெற்றுவிட்ட கணத்திலோ, சாரதி கால் வைத்துச் சற்று நேரம் கழித்து, அவன் எதிர்பாராத தறுவாயில், முழு முறுக்குவிசையும் ஒரே வீச்சில் பின்னுறுப்புகளின்மீது வந்து விழும். கால்வாயைச் செப்பனிடாமல் ஏரியின் மதகைத் திறந்துவிட்டாற்போன்ற நிலைமை இது. எஞ்சினியர்கள் அஞ்சியது 343 என்னும் எண்ணுக்கன்று. அது வந்து சேரும் விதத்துக்கே.

சாதாரண 911இல் இருந்த 915 என்னும் ஐந்து கியர்ப் பெட்டி அந்த வீச்சைத் தாங்காது என்று கருதப்பட்டது. பல்லின் அகலம் கூடினாலன்றிப் பற்சக்கரத்தின் உறுதி கூடாது. பெட்டியின் நீளத்தை இஷ்டம்போல் வளர்க்கவோ, பின் இருக்கைகளுக்கும் எஞ்சினுக்கும் இடையே நெருக்குண்ட அந்தக் காரில் இடமில்லை. ஆகவே பற்சக்கரங்களை அகலமாக்கி, அவற்றின் எண்ணிக்கையை நான்காகக் குறைத்துப் புதிய பெட்டி ஒன்று சமைக்கப்பட்டது. இவ்வளவு விரிந்த முறுக்குவிசையுள்ள எஞ்சினுக்கு நான்கு கியர்களே போதும் என்ற சமாதானத்தையும் அக்காலத்தில் சொன்னார்கள். அந்தச் சமாதானம் எனக்கு முழுவதும் ஏற்புடையதாயில்லை. கியர்கள் குறைந்தால் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அகலும். மாற்றும்தோறும் எஞ்சினின் சுழற்சி வெகுவாகத் தாழும். தாழ்ந்த சுழற்சியில் டர்போ மறுபடியும் அயரும். எஞ்சினின் தாமதம் என்று உலகம் பழித்ததில் ஒரு பங்கு, உண்மையில் கியர்ப் பெட்டியின் தாமதமேயாகும்.

1977இல் வெளிவந்த 3.3 லிட்டர் உருவத்தில் இந்தப் பிணைப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அமுக்கப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்று பின்புறச் சிறகின்கீழ் அமைக்கப்பட்டது. அமுக்க விகிதம் 7ஆக உயர்ந்தது. திறன் 300ஐயும், முறுக்குவிசை 412ஐயும் எட்டின. பிரேக்குகள் 917இன் பரம்பரையிலிருந்து வந்தன. கியர்ப் பெட்டி மட்டும் நான்கிலேயே நின்றது. மெதுவாகச் செல்லும்போது அதன் பற்கள் எழுப்பிய சலசலப்பை அடக்க, நடுவில் ரப்பர் வைத்த கிளட்ச் தட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அது தடித்திருந்தமையால் எஞ்சினையே 30 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. ஏற்கெனவே பின் ஆக்ஸிலுக்கு அப்பால் தொங்கிய கனம் இன்னும் அப்பால் சென்றது. வளைவின் நடுவே திடீரெனக் காலை எடுக்கும் சாரதியைச் சுழற்றிவிடும் துர்க்குணம் அந்தக் காருக்கு முன்பே உண்டு என்பதை எண்ணும்போது, ஓர் ஓசையை அடக்க இப்படி ஒரு விலை கொடுத்தது விசித்திரமாகவே படுகிறது.

பந்தயச் சாலைக்கு இந்தக் கவலைகள் கிடையா. 935 என்னும் பந்தய உருவம், அதே நான்கு கியர்ப் பெட்டியின் வழித்தோன்றலோடு, டிஃபரென்ஷியலைப் பூட்டிவிட்டு இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைத்து ஓடிற்று. 1978இல் வந்த அதன் நீண்ட உருவத்தில், காரின் உடல் தாழ்ந்ததால் சக்கரத்துக்குச் செல்லும் தண்டுகளின் சாய்வு மிகுந்தது. அதைச் சரிசெய்ய, கியர்ப் பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்தினார்கள். சிலிண்டர் தலைகளை மட்டும் தண்ணீரால் குளிர்விக்கும் முறையும் அந்தக் காரில்தான் 911இன் குடும்பத்துக்குள் நுழைந்தது.

சாலைக் காருக்கு ஐந்தாவது கியர் கிடைக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜி50 என்னும் அந்தப் பெட்டி இரண்டாண்டுகளுக்கு முன்பே டர்போ இல்லாத சாதாரண கரேராவுக்கு வந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள் மலிவான கார் ஐந்து கியர்களோடும், விலையுயர்ந்த கார் நான்கோடும் அக்கம்பக்கமாக விற்கப்பட்டன! கிடைத்த அந்த ஐந்தாவது கியரும் 930இன் இறுதி ஆண்டுக்கே வாய்த்தது.

இதற்கிடையில் வேறொரு திசையிலிருந்து விடை பிறந்திருந்தது. 1980இல் ஔடி குவாட்ரோ, டர்போவையும் நான்கு சக்கர இயக்கத்தையும் ஒரே காரில் சேர்த்து, இரு சக்கரங்கள் தாங்காத சக்தியை நான்கு தாங்கும் என்று காட்டியது. ஹெல்முட் பாட்டின் மேற்பார்வையில் உருவான போர்ஷே 959, அந்தக் கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது: 2.85 லிட்டரில் 450 குதிரைத்திறன், தாழ்ந்த சுழற்சியில் ஒரு டர்போவும், உயர்ந்த பின் இரண்டுமாகப் படிப்படியாக இயங்கும் ஏற்பாடு, ஆறு கியர்கள், முன்சக்கரங்களுக்குச் செல்லும் சக்தியைக் கம்ப்யூட்டரின் ஆணைப்படி கூட்டியும் குறைத்தும் தரும் பல்தட்டுக் கிளட்ச். 1986இல் பாரிஸ்–டாக்கார் ஓட்டத்தின் மணல்வெளியில் அது முதலிரு இடங்களையும் பெற்றது. எஞ்சினும் அதன் சக்தியைக் கடத்தும் உறுப்புகளும் ஒரே சிந்தனையில், ஒருமித்து வகுக்கப்பட்டது போர்ஷேயில் இதுவே முதல்முறை என்பது என் துணிபு. ஆனால் அது சில நூறு பேருக்கே கிட்டிய கார்.

அதன் சாரம் பொதுவான 911 டர்போவுக்கு வந்துசேர்ந்த ஆண்டு 1995. காற்றால் குளிர்ந்த 3.6 லிட்டர் எஞ்சின்; ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக, விரைவில் வேகம் பெறும் இரண்டு சிறியவை; 408 குதிரைத்திறன்; 540 நியூட்டன் மீட்டர்; ஆறு கியர்கள்; நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம். 959இன் சிக்கலான கிளட்சுக்குப் பதிலாக, பசைத்திரவத்தின் உராய்வால் தானே பிடிக்கும் எளிய இணைப்பொன்றே முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிர்ந்தது. ஜி.டி.2 என்ற பெயரில், அதே எஞ்சினை 430 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, முன்சக்கர இயக்கத்தை நீக்கி, பின்சக்கரங்களை மட்டும் ஓட்டும் காரையும் உடன் விற்றார்கள். பழைய டர்போவின் முரட்டுத்தனத்தை விரும்பினவர்கள் அதை நாடினார்கள்.

பிற்பட்டவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2006இல், புகைவாயு செல்லும் வழியின் இதழ்களைத் திருப்பி அமைக்கும் டர்போ 911க்கு வந்தது. டீசல் எஞ்சின்களில் அது முன்பே சாதாரணமாயிருந்தாலும், பெட்ரோல் எஞ்சினின் ஏறக்குறைய 1,000 டிகிரி உஷ்ணத்தைத் தாங்கும் உலோகம் வேண்டியிருந்ததால் தாமதமாயிற்று. 2009இல் இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர்ப் பெட்டி விருப்பத்தின்பேரில் கொடுக்கப்பட்டது. கியர் மாறும்போது சக்தி அறுபடாததால், நான்கு கியர் நாளின் பழைய குறை அதில் அறவே நீங்கிற்று. 2013இல் வந்த 911 டர்போவில் அந்தப் பெட்டி ஒன்றே இருந்தது. கிளட்ச் மிதிக்கு அதில் இடமில்லை.