சிறகி எழுப்பியவர்கள்

வாடை எழும்பினால் பேசாலைக் கரையில் வள்ளம் இறக்குவது கடினம். நவம்பரிலிருந்து மன்னார்த் தீவின் வடகடல் குமுறும். வசதியுள்ளவர்கள் தென்கரைக்குத் தொழிலுக்குப் போவார்கள், மற்றவர்கள் வேறு கூலி தேடுவார்கள். அந்த வாடைக் காலத்தில்தான் பறவைகளும் வந்து இறங்கும். மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குளிர் முற்ற, இந்தியாவைக் கடந்து வரும் கூட்டங்களுக்கு இலங்கையின் தலைவாசல் மன்னார். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, உள்ளான், பூநாரை என்று கடல்நீரேரியும் வயலும் நிறைந்துவிடும். பறவைகளைத் தேடித் துவக்கோடு துரைமார் வந்த காலம் ஒன்று இருந்தது. என் அம்மப்பாவின் வாடைக்காலக் கூலி அந்த விடுமுறை வேட்டையில்தான் கிடைத்தது.

1914இல் தலைமன்னார் வரை ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் பயணிகளுக்காகப் போடப்பட்ட பாதை அது. அதே பாதை கொழும்பு உத்தியோகத்தருக்கும் மலையகத் தோட்டத் துரைமாருக்கும் மன்னாரைப் பக்கத்தில் கொண்டுவந்தது. நத்தார் விடுமுறை பறவைக் காலத்தின் நடுவில் விழுவது அவர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. உள்ளானுக்கு வயல், சிறகிக்குக் கட்டுக்கரைக்குளமும் ஆழமில்லாத கடல்நீரேரியும். வாடிவீட்டில் படுக்கை, விடியுமுன் புறப்பாடு.

அம்மப்பா சொன்னதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது அவருடைய காற்றுக் கணக்கு. பறவை எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும். ஆகவே காற்று முதுகில் படும்படி வள்ளத்தைக் கொண்டுபோக வேண்டும். அப்படிப் போனால், எழும்பும் சிறகி பறந்து தப்புவதற்கு முன் ஒரு கணம் துவக்கின் பக்கமாகவே வரும். துரை அணியத்தில் இரட்டைக்குழல் துவக்கோடு குந்தியிருப்பார். அம்மப்பா கடையாரில் நின்று மரக்கோலால் தாங்குவார். கோல் நீரில் சத்தம் போடக்கூடாது, வள்ளத்தின் விளிம்பிலும் தட்டக்கூடாது. எந்தச் சேற்றில் சிறகி மேயும், எந்த நேரம் எங்கே மாறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உள்ளான் வேட்டையில் முழங்கால் சேற்றில் வரிசையாக நடந்து பறவையை எழுப்பியதும், விழுந்ததைத் தேடி எடுத்ததும் ஊர்ப் பையன்கள்தான்.

அந்தக் காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் துவக்குக்காரர்களின் பெயர் இருக்கிறது. ஹாரி ஸ்டோரி இலங்கை வேட்டையைப் பற்றி 1907இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். அதற்கு முன்பே, 1878க்கும் 1880க்கும் இடையில், பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ட் லெக் இலங்கைப் பறவைகளின் பெரும் வரலாற்றை எழுதி வெளியிட்டார். சுட்டு விழுத்தி, தோல் உரித்து, அளந்து எழுதிய காலம் அது. பறவையறிவும் துவக்கும் ஒரே கையில் இருந்தன. பறவையைக் காட்டிக் கொடுத்தவரின் அறிவு அவர் வாயோடு போயிற்று.

பாதுகாப்பும் வேட்டைக்காரர்களிடமிருந்தே தொடங்கியது. 1894இல் அமைந்த வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம்தான் இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம். சுட்டுத் தள்ளினால் நாளைக்குச் சுட ஒன்றும் இராது என்பது அவர்களின் கவலை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்தக் கவலையை நாட்டின் சட்டமாக விரித்தது. கட்டுக்கரைக்குளம் 1954இல் சரணாலயமாயிற்று. போர்க்காலத்தில் துவக்குச் சத்தம் கேட்டபோது எங்களில் யாரும் பறவையை நினைக்கவில்லை. ஓடத்தான் நினைத்தோம். 1990இல் ரயிலும் நின்றது.

அந்தத் துரைமார் காலத்திலேயே மேல்நாட்டு வேட்டை இன்னொரு வழியில் போயிற்று. அங்கே பெட்டியில் அடைத்த உயிர்ப் புறாவைத் திறந்துவிட்டுச் சுடுவது பந்தயமாக இருந்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. புறாவுக்குப் பதிலாக முதலில் கண்ணாடி உருண்டை வந்தது. உடையும்போது பறவை செத்தது போலத் தெரியவேண்டும் என்று சிலர் அதற்குள் இறகு அடைத்தார்கள். 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் வட்டைக் கொண்டுவந்தார். சூளையில் சுட்ட அந்த வட்டு சன்னம் பட்டும் உடையாத அளவுக்கு இறுகியிருந்ததால், பிறகு சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்த்தார்கள். இங்கிலாந்து 1921இல் கூண்டுப் பறவையைச் சுடுவதைத் தடைசெய்தது. வட்டு விளையாட்டு வளர்ந்தது. புதுக்கோட்டை அரச குடும்பத்து பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டதும் வட்டைத்தான்.

கனடாவில் மகள் வீட்டுக்குக் கோடை விடுமுறைக்குப் போனபோது மருமகன் என்னை ஒரு வட்டுச் சுடும் திடலுக்குக் கூட்டிப்போனார். காட்டுப் பாதை நெடுக ஒவ்வொரு நிலையிலும் வட்டு வேறு விதமாகப் பறக்கும். ஒன்று நிலத்தில் முயல் போல உருண்டு ஓடும், ஒன்று தலைக்கு மேலே குறுக்கே போகும். "மாமா, ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ" என்றார். பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, துவக்கைத் தோளில் அணைத்தேன். உள்ளங்கையளவு செம்மஞ்சள் வட்டு செங்குத்தாக மேலே எழும்பியது. உச்சியில் அது தயங்கிய கணத்தில் சுட்டேன். கரும்புகையாகச் சிதறியது. அந்த எறிதலுக்கு அங்கே வழங்கும் பெயர் 'துள்ளியெழும் சிறகி' என்று பயிற்றுநர் சொன்னார். அம்மப்பா கோல் ஊன்றி எழுப்பிய அதே சிறகியின் எழுச்சியை ஒரு விசைப்பொறி செய்துகாட்டியது. மகிழ்ச்சி மெய்யானது, ஒரு பறவையும் சாகவில்லை.

ஆனால் வட்டு வந்ததும் பறவையோடு சேர்ந்து, பறவையை எழுப்பிய மனிதனும் ஆட்டத்தை விட்டுப் போனான். மன்னாரில் அப்படி நடக்கக்கூடாது. இங்கே வட்டு வரவில்லை, தொலைநோக்கி வந்திருக்கிறது. வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலமாயிற்று. ரயில் 2015இல் மறுபடி தலைமன்னாரைத் தொட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகத்துக்குச் செய்மதிக் கருவி பூட்டி, அது ஆர்க்டிக் வரை போவதைக் கண்டுபிடித்தார்கள். இன்று விடுமுறைக்கு வருகிறவர் தள்ளாடிப் பாலத்தடியில் காரை நிறுத்திப் பூநாரையைப் பார்க்கிறார், படம் பிடிக்கிறார், போய்விடுகிறார்.

எந்தக் காற்றுக்கு எந்தக் கூட்டம் எந்தச் சேற்றில் இறங்கும் என்று தெரிந்தவர்கள் எங்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள். வடகடல் குமுறி வள்ளம் கரையேறிக் கிடக்கும் மாதங்களில்தான் பறவை வருகிறது. வழிகாட்டும் கூலி அந்த மாதங்களில் அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். சரணாலய எல்லை போடும்போதும், காற்றாலைக் கம்பம் நடும்போதும் அவர்களைக் கேட்டு எழுதவேண்டும். முன்பு துவக்குக்காரன் பெயர் மட்டும் புத்தகத்தில் ஏறியது. இனி எழுதப்படும் மன்னார்ப் பறவை வரலாற்றில் கோல் பிடித்தவர் பெயரும் ஏறவேண்டும்.