பதிவு-மறுஇயக்கச் சோதனை

பதிவு-மறுஇயக்கச் சோதனை என்பது, ஒரு மென்பொருள் இணையத்தின் வழியே வேறொரு வழங்கியிடம் கேட்கும் கேள்வியையும் அதற்குக் கிடைத்த விடையையும் ஒருமுறை கோப்பில் பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர் அம்மென்பொருளைத் தானியங்கு முறையில் சோதிக்கும் ஒவ்வொரு தடவையும் உண்மையான வழங்கியை அணுகாமல் கோப்பிலுள்ள விடையையே திருப்பித் தரும் முறையாகும். கேள்வியைக் கோரிக்கை என்றும் விடையை மறுமொழி என்றும் கலைச்சொல்லாகக் குறிப்பர். பணியிடப் பேச்சில் ரெக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் என்ற சொற்களே வழங்குகின்றன. இம்முறை இன்றைய வடிவை 2010-இல் பெற்றதெனினும், அதன் வேர்கள் 1990-களின் சுமைச் சோதனைக் கருவிகளிலும், 2000-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த பதிலிப் பொருள் என்னும் கருத்திலும் ஊன்றியுள்ளன.

தேவை

இன்றைய செயலிகளுள் தனித்து இயங்குபவை மிகச் சில. இராமநாதபுரம் கடலோர மீனவருக்குக் கடல்நிலையைத் தமிழில் சொல்லும் ஒரு செயலியை எடுத்துக்கொண்டால், பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் உரிய அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் அது தானாகக் கணிப்பதில்லை; ஐதராபாத்தில் 1999-இல் நிறுவப்பட்டு இன்காய்ஸ் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் கடல்சார் தகவல் மையம் போன்ற அமைப்பின் வழங்கியிலிருந்தே அவற்றைப் பெற வேண்டும். அலை உயரம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திரை சிவப்பாக மாறி, கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டும் என்பது அச்செயலியின் விதி என்று கொள்வோம். நிரலில் ஒரு வரி மாறும்போதெல்லாம் இவ்விதி பிசகாமல் நிற்கிறதா என்று தானாகச் சரிபார்ப்பதே தானியங்குச் சோதனையின் வேலை. ஆனால் சோதனை நேரடியாக ஐதராபாத்துக்குச் சென்று கேட்டால், கடல் அமைதியாக இருக்கும் பங்குனிக் காலையில் எச்சரிக்கை வருவதற்கே வழியில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் தேறிய சோதனை பிற மாதங்களில், நிரலில் எப்பிழையும் இல்லாமலே, தோற்றுப்போகும். இணைப்பு அறுந்தாலும் அப்படியே. இவற்றோடு நேரச் செலவும் சேர்கிறது: ஒரு கோரிக்கை போய்வரச் சில நூறு மில்லிநொடிகள் ஆகுமெனில், ஆயிரம் கோரிக்கைகள் கொண்ட சோதனைத் தொகுதிக்குப் பல நிமிடங்கள் காத்திருக்க நேர்கிறது.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் மன்னார் வளைகுடாவில் வலுக்குறைந்து இராமநாதபுரம் கரைக்கு அருகில் நகராமல் நின்றது. அன்று வழங்கி தந்திருக்கக்கூடிய மறுமொழியை ஒருவர் கோப்பில் பதிந்து வைத்திருந்தால், அதன்பின் எந்த நாளிலும், கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும், செயலியைப் புயலுக்கு முன் நிறுத்திச் சோதிக்கலாம். அரிதாக நிகழ்வதையும் ஆபத்தானதையும் வேண்டும்போதெல்லாம் வரவழைக்க முடிவதே இம்முறையின் தலையாய பயன் என்று சொல்வது பொருந்தும். விரைவு அதற்கு அடுத்த நிலையிலேயே வைத்து எண்ணத்தக்கது.

முன்வரலாறு

வலைக் கோரிக்கைகளைப் பதியும் வழக்கம் முதலில் எதிர்த்திசையில் தோன்றியது. மெர்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் லோட்ரன்னர், 1998-இல் ஸ்டெஃபானோ மட்சோக்கி எழுதத் தொடங்கி அப்பாச்சி அமைப்பின்கீழ் வளர்ந்த ஜேமீட்டர் ஆகிய கருவிகள், உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே கோரிக்கைகளைப் பிடித்துப் பதிந்து, அவற்றையே நூற்றுக்கணக்கான கற்பனைப் பயனர்களின் பெயரால் உண்மையான வழங்கியின்மீது மீண்டும் ஏவின. இங்கே சோதிக்கப்பட்டது வழங்கி, மறுஇயக்கப்பட்டது கேள்வி. பதிந்த கேள்வியில் பழைய அமர்வு எண் தங்கிவிடுவதால் மறுநாள் வழங்கி அதை ஏற்க மறுக்கும் என்பதும், மாறும் மதிப்புகளைக் கண்டறிந்து புதியவற்றால் நிரப்ப வேண்டும் என்பதும் இக்காலத்திலேயே உணரப்பட்டன. இவ்வேலைக்குச் சோதனைப் பொறியாளர் வழக்கில் கோரிலேஷன் என்று பெயர். சென்னை மென்பொருள் நிறுவனங்களில் சுமைச் சோதனை செய்தோர் பலர் பதிவு என்னும் கருத்தை முதலில் அறிந்தது இக்கருவிகளின் வழியாகத்தான்.

தமிழ்நாட்டோடு தொடர்புடைய முன்னோடி ஒன்று வலைக்கு வெளியே இருந்தது. 1996-இல் தொடங்கப்பட்டு, சென்னையில் வளர்ந்து, 2009-இல் ஸோஹோ எனப் பெயர் மாறிய அட்வென்ட்நெட், தொலைத்தொடர்பு வலையமைப்புகளை மேலாளும் மென்பொருளைத் தொடக்கக் காலத்தில் உருவாக்கிவந்தது. அத்தகைய மென்பொருளைச் சோதிக்க ஆயிரக்கணக்கான சுவிட்சுகளும் ரவுட்டர்களும் தேவைப்படும். அவற்றை விலைக்கு வாங்கி அடுக்குவது இயலாத காரியம். ஆகவே உண்மைக் கருவிகள் எஸ்என்எம்பி என்னும் மேலாண்மை நெறிமுறையில் தரும் விடைகளைப் பதிந்து, ஒரே கணினியில் அக்கருவிகள் இருப்பது போலவே விடையளிக்கும் போலிவலையமைப்பை உருவாக்கும் மென்பொருளை அந்நிறுவனம் வெளியிட்டது. வலைக் கோரிக்கைகளுக்குப் பின்னாளில் வந்த தீர்வின் கருத்து இதிலேயே முழுமையாக இருப்பதைக் காணலாம். பெங்களூரில் நாராயண் ராமன் 2005-இல் வெளியிட்ட சஹி என்னும் திறமூலக் கருவியும் இங்கே குறிப்பிடத்தக்கது. அது பயனரின் சொடுக்குகளையே பதிந்ததாயினும், உலாவிக்கும் வழங்கிக்கும் நடுவே ஓர் இடைநிலை வழங்கியை நிறுத்தி வேலை செய்தது. சோதனையாளர் இந்த இடைநிலை வழங்கியைப் பிராக்ஸி என்பர்.

மற்றொரு வேர் பதிலிப் பொருள். 2000-ஆம் ஆண்டில் இத்தாலியின் சார்டினியாத் தீவிலுள்ள காலியரி நகரில் நடந்த எக்ஸ்பி என்னும் மென்பொருள் உருவாக்க முறைக்கான மாநாட்டில் டிம் மக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், பிலிப் கிரெய்க் ஆகிய மூவரும் அளித்த கட்டுரை, சோதிக்கப்படும் பகுதியைச் சூழ்ந்துள்ள உண்மைப் பகுதிகளுக்குப் பதிலாக மாக் எனப்படும் போலிப் பொருள்களை வைத்துச் சோதிக்கலாம் என்று விளக்கியது. 2007-இல் வெளியான தமது நூலில் ஜெரார்டு மெசாரோஸ் இவ்வகை அனைத்துக்கும் பொதுப்பெயர் சூட்டியபோது, திரைப்படச் சண்டைக் காட்சியில் நாயகனுக்காகக் குதிக்கும் கலைஞரைக் குறிக்கும் சொல்லையே எடுத்தாண்டார். தமிழ்த் திரையுலகம் டூப் என்று வழங்குவதும் அதையே.

கையால் எழுதிய டூப்புக்கு ஒரு குறை உண்டு. வழங்கி இப்படித்தான் விடையளிக்கும் என்று நிரலாளர் நினைத்ததையே அது சொல்லும். அலை உயரத்தை வழங்கி எண்ணாகத் தரும் என்று அவர் கருதியிருக்க, உண்மையில் அது மேற்கோள்குறிக்குள் எழுத்துச் சரமாக வருமானால், சோதனை தேறும், செயலி கரையில் நிற்பவரின் கையில் பொய்த்துவிடும். நினைப்புக்கும் நடப்புக்கும் இடைப்பட்ட இந்த இடைவெளியை அடைக்கவே பதிவு வேண்டியதாயிற்று: பதிந்த கோப்பில் இருப்பவை வழங்கியின் சொந்தச் சொற்கள்.

நாடாவின் வருகை

ரூபி மொழியில் ஃபேக்வெப், பார்டோஷ் பிளிம்கேயின் வெப்மாக் ஆகிய நிரல் தொகுதிகள் கோரிக்கைகளை வெளியே செல்லுமுன் வழிமறிக்கும் நுட்பத்தை 2010-க்கு முன்னரே தந்திருந்தன. அவற்றின்மேல் மைரன் மார்ஸ்டன் 2010-இல் கட்டி வெளியிட்ட தொகுதிக்கு, வீட்டில் ஒளிநாடா ஓட்டும் கருவியை நினைந்து விசிஆர் என்றும், ஒவ்வொரு பதிவுக் கோப்புக்கும் கேசட் என்றும் பெயரிட்டார். ஒலிநாடாவில் பாட்டுப் பதிந்து கேட்ட தலைமுறைக்கு இதன் இயக்கம் விளக்கமின்றியே புரியும். சோதனை முதன்முறை ஓடும்போது கேசட் இல்லாததால் கோரிக்கை உண்மை வழங்கிக்குச் சென்று, வந்த விடையோடு கோப்பில் எழுதப்படுகிறது. அடுத்த முறை கோரிக்கையின் வகையும் முகவரியும் கோப்பிலுள்ளவற்றோடு ஒப்பிடப்பட்டு, பொருந்தினால் விடை கோப்பிலிருந்தே தரப்படுகிறது. பொருந்தாவிடில், இயல்பான அமைப்பில், பிழை காட்டிச் சோதனை நின்றுவிடுகிறது. தெரியாத கோரிக்கையை ஓசையின்றி வெளியே விட்டுவிடாமல் நிறுத்தும் இக்கண்டிப்பு இத்தொகுதியின் சிறந்த முடிவுகளுள் ஒன்று. புதியவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளவும், அனைத்தையும் மறுபடி பதியவும், பதிவையே தடுக்கவும் வேறு அமைப்புகளும் உண்டு.

ஓரிரு ஆண்டுகளுக்குள் இக்கருத்து மொழிதோறும் பரவியது. க்ரூவிக்கு ராப் ஃப்ளெட்சரின் பீட்டாமாக்ஸ், பைத்தானுக்குக் கெவின் மெக்கார்த்தியின் விசிஆர்பை, ஜாவா உலகில் டாம் ஏக்கர்ஸ்ட் 2011-இல் தொடங்கிய ஒயர்மாக் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பாலிஜேஎஸ் என்னும் தொகுதியை வெளியிட்டது. உலாவியின் வலைப் போக்குவரத்தைச் சேமிக்கும் ஹார் என்னும் கோப்பு வடிவத்தை அப்படியே மறுஇயக்கும் வசதி 2022-இல் பிளேரைட் என்னும் உலாவிச் சோதனைக் கருவியில் சேர்ந்தது.

இந்தியாவில், அபினவ் அஸ்தானா 2012-இல் உலாவி நீட்சியாக வெளியிட்டு, 2014-இல் பெங்களூரில் நிறுவனமாக வளர்ந்த போஸ்ட்மேன், சேமித்த மறுமொழிகளைத் திருப்பித் தரும் போலிவழங்கியை நிரல் எழுதாதவர்க்கும் எட்டச் செய்தது. இந்தியப் பொறியாளர்கள் தொடங்கிய கெப்ளாய் என்னும் திறமூலக் கருவி வேறு வழியில் சென்றது: லினக்ஸ் கருவகத்துக்குள் சிறு நிரல்களைப் பாதுகாப்பாக ஓட்டும் இபிபிஎஃப் நுட்பத்தைக் கொண்டு, செயலியில் ஒரு வரியும் மாற்றாமலே வலைக் கோரிக்கைகளையும் தரவுத்தள வினவல்களையும் அது பதிகிறது.

நாளும் கமுக்கமும்

பதிவு ஒரு நாளைச் சேர்ந்தது. நிரலோ கடிகாரத்தைப் பார்க்கிறது. மார்கழித் திருவாதிரையில் வரும் ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி, ஆண்டுக்கு ஒருமுறை சந்தனக் காப்புக் களையப்படும் மரகத நடராசரைக் காண உத்தரகோசமங்கைக்கு வருவோருக்குச் சிறப்புப் பேருந்து இருக்கைகளைக் காட்டும் நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆருத்ரா தரிசனத்துக்கு முதல்நாள் பதிந்த மறுமொழியை ஆடி மாதத்தில் ஓட்டினால், பயண நாள் கடந்துவிட்டது என்று நிரல் சரியாகவே சொல்லும், சோதனை தவறாகத் தோற்கும். ஆதலால் பதிவை ஓட்டும்போது சோதனைக்குள் கடிகாரத்தையும் பதிந்த நாளிலேயே நிறுத்திவைப்பது வழக்கம்.

அதனினும் கவலைக்குரியது கமுக்கச் செய்தி. கேசட்டில் கோரிக்கை முழுவதும் பதிவதால் நுழைவுத் திறவிகளும் பயனரின் பெயரும் கைபேசி எண்ணும் உடன் பதிந்து, நிரலோடு பொதுக் களஞ்சியத்தை அடைந்துவிடக்கூடும். பதியும்போதே அவற்றை வேறு சொற்களால் மாற்றி எழுதும் வடிகட்டி முதன்மைத் தொகுதிகள் பலவற்றில் உள்ளது. எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்ட பின் அவ்வடிகட்டியை இயக்காமல் விடுவதற்கு இந்தியாவில் எவ்வித நியாயமும் இல்லை.

கடைசியாக, வழங்கி மாறிவிட்ட பிறகும் கேசட் மாறாது. மறுமொழியின் வடிவம் வேறாகி மாதங்கள் கடந்தபின்னும் சோதனைகள் பச்சை நிறத்திலேயே தேறிக்கொண்டிருக்கும்; அப்பச்சையை நம்பிச் செயலி மக்களிடம் செல்லும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கேசட்டுகளை அழித்து மறுபடி பதியாத சோதனைத் தொகுதி, பழைய கடல்நிலையைப் படித்துவிட்டுப் படகை இறக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். விசிஆர் கேசட்டை வெறும் உரைத் தொகுப்பானில் திறந்தால், கோரிக்கையின் வகை, முகவரி, தலைப்புகள், மறுமொழியின் 200 போன்ற நிலை எண், உடல் ஆகியவை வரிசையாக இருக்க, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அது பதியப்பட்ட நாளும் நேரமும் ஒரு தனி வரியாக எழுதப்பட்டிருக்கும். சோதனை தேறிவிட்டது என்று ஏற்குமுன் படிக்க வேண்டிய வரி அதுவே.