தோட்டக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு

பேராக் மாநிலத்தின் ரப்பர் வரலாறு கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877-ஆம் ஆண்டு, ஆங்கில ரெசிடெண்டு ஹியூ லோ அங்கே சில கன்றுகளை நடுவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை உயரவே, சுங்கை சிப்புட் முதலிய ஊர்களைச் சூழ்ந்த காடுகள் தோட்டங்களாயின. கங்காணியர் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் அங்கு வந்து சேர்ந்தனர்.

விடியுமுன் பெரட்டுக்கு இருவரும் நிற்க வேண்டும். மரம் சீவுவதும், மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமப்பதும் இருவருக்கும் பொது. பெண்ணோ, அதற்கு முன்பே உலை வைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு வந்தவள். எனினும் செக்ரோலில் கூலி இருவேறு வகையாகவே எழுதப்பட்டது. (தமிழில் ‘கூலி’ ஊதியத்தைக் குறிக்கும், துரைமார் வழக்கிலோ அச்சொல் ஆளையே குறித்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.)

இந்த வேற்றுமை ஏதோ ஒரு தோட்டத்துத் துரையின் கருமித்தனத்தால் விளைந்ததன்று. 1907-இல் அமைந்த இந்தியர் குடிநுழைவுக் குழு, 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின் பின்னர், சில வட்டாரங்களுக்கு நிலையான கூலி வகுத்தது. மற்றத் தோட்டங்களும் அதனை அளவுகோலாகக் கொண்டன. 1920-களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் விலை வீழ்ந்ததும் அது 40-ம் 32-ம் ஆயிற்று. மந்தம் முற்றிய காலத்தில் கூலி இன்னும் தாழ்ந்தது. பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்து ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், பழைய 50-ம் 40-மே மீள வேண்டும் என 1937-இல் வெளியான அறிக்கையில் பரிந்துரைத்தார். 1938-இல் கூலி 45-க்கும் 36-க்கும் குறைக்கப்பட்டபோது, உதவி பெற்று வரும் குடியேற்றத்தையே இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது.

இவ்வெண்களை ஒருசேர நோக்கின் ஓருண்மை புலனாகும். கூலி ஏறினும் இறங்கினும் பெண்ணின் பங்கு ஐந்தில் நான்கு; அது மட்டும் அசையவில்லை. ஆணின் கூலி குறைந்ததற்காக இந்தியா கப்பலை நிறுத்தியது. இந்த விகிதத்தைச் சாஸ்திரியாரும் மாற்றச் சொல்லவில்லை. வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டே கூலி வகுக்கப்பட்டது. பெண்ணின் தேவை குறைவு என்பது அக்கணக்கின் உட்கிடை. கைம்பெண் என்பதற்காகக் கடைக்காரர் அரிசியைக் குறைத்து விற்றாரா என்ன? மாதம் 25 நாள் வேலை எனக் கொண்டால் அவள் இழந்தது இரண்டரை வெள்ளி, அதாவது ஓர் ஆணின் ஐந்து நாட்கூலி.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, சீனருக்கு ஈடான கூலி வேண்டும் என்றும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்றும் தொழிலாளர் கேட்டனர். போருக்குப் பின் சங்கங்கள் ஓங்கின. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. சமவேலைக்குச் சம ஊதியம் என்னும் உடன்படிக்கையை உலகத் தொழில் நிறுவனம் 1951-இல் நிறைவேற்றியது. மலேசியா அதில் ஒப்பமிட்டது 1997-இல்தான். அரசாங்க ஊழியத்திலோ ஆசிரியைகள் முதலானோரின் போராட்டத்தால் 1960-களின் இறுதிக்குள் சம ஊதியம் கைகூடிவிட்டது.

ஆண் பெண் என்ற பிரிவின்றி, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்னும் குறைந்தபட்சச் சம்பளம் 2013 சனவரியில் நடப்புக்கு வந்தது. அதற்குள் ஈப்போவைச் சுற்றியிருந்த பழைய தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரமே இல்லை. செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் அவ்விடத்தைப் பிடித்திருந்தன.