தாங்கிக்குள் போன கிணறு

வடமராட்சியில இப்ப எந்த ஊருக்குள்ள போனாலும் கூரைக்கு மேல ஒரு பிளாஸ்டிக் தாங்கி தெரியும். உடுப்பிட்டியும் அப்பிடித்தான். கலியாண மண்டபம், விருந்தினர் விடுதி எண்டால் ஒண்டு காணாது, நாலஞ்சு நிக்கும். பக்கத்தில சுடுதண்ணிக்கெண்டு வெள்ளி நிறத்தில இன்னொரு தாங்கியும் வரத் தொடங்கியிருக்கு. இதையெல்லாம் "வசதி" எண்ட ஒரு சொல்லுக்குள்ள அடக்கிவிடுகிறோம். ஆனால் எங்கட ஊர்களில தண்ணி ஆருக்குச் சொந்தம், எவ்வளவு சொந்தம் எண்ட கேள்வியின்ர வரலாறும் அந்தத் தாங்கிகளுக்குள்ளதான் கிடக்கு.

முதலில ஒரு காணி உறுதியை எடுத்துப் பாருங்கோ. உங்கட வீட்டு அலுமாரியிலும் ஒண்டு இருக்கும். காணியின் எல்லைகளுக்குப் பிறகு கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால் எண்டு ஒரு வரி வரும். யாழ்ப்பாணத்தில் கிணறு பிள்ளைகளுக்குள் பிரிபட்டது, சீதனமாய்ப் போனது, விற்கவும் பட்டது. கிணற்றை வெட்டிப் பிரிக்க ஏலாதே, அப்ப எதைப் பிரித்தார்கள்? நேரத்தை. இண்டைக்கு உன்ர இறைப்பு, நாளைக்கு என்ர இறைப்பு. இதுக்குப் பேர் முறை.

இந்தக் கணக்கு நியாயமாய் ஓடினதுக்குக் காரணம் துலா. ஆடுகாலில் தாங்கிய நீண்ட மரத்தில் ஏறி ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுக்கட்டில் நிற்பவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். தோட்டத்துக்குள் மூன்றாமவர் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவார். மனுசக் காலுக்கு ஒரு எல்லை இருக்கு. ஒரு விடியற்காலையில் ஆர் மிதித்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு தண்ணிதான் மேல வரும். அதனால் நேரத்தைப் பிரிக்கிறதும் தண்ணியைப் பிரிக்கிறதும் ஒண்டாய் இருந்தது. லீற்றர் கணக்கு ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை.

இதை ஒரு பொற்காலமாய்ப் பாட நான் வரவில்லை. துலா மிதிப்பு முறிஞ்ச வேலை, விழுந்தால் கிணறு. உறுதியில் பெயர் இல்லாதவனுக்கு முறையும் இல்லை. சாதி பார்த்துக் கிணற்றுக்கட்டில் ஏறவிடாமல், கையில தண்ணி வாத்துவிட்ட ஊர்களும் இவைதான்.

பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் வந்தது. 1970களில் சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்த, யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கு நல்ல விலை கிடைத்தது. மெசின் தோட்டத்துக்குத் தோட்டம் போனது. உறுதியில் எழுதின முறை அப்படியே இருந்தது. ஆனால் அதே நேரத்துக்குள் மேல வந்த தண்ணி பல மடங்கு. பங்கின் பெயர் மாறவில்லை, பங்கின் அளவு மாறிவிட்டது. என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தின் மிகப் பெரிய சொத்துரிமை மாற்றங்களில் இதுவும் ஒண்டு. ஒரு நொத்தாரிசும் கையெழுத்து வைக்காமலே நடந்து முடிஞ்சது.

நிலத்துக்குக் கீழ என்ன நடக்குது எண்டதையும் சொல்லவேணும். எங்களுக்கு ஆறு இல்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்புத்தண்ணிக்கு மேல ஒரு வில்லை மாதிரி மிதக்குது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் படோன் கைபனும், 1901இல் ஜேர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் இதுக்குக் கணக்குப் போட்டார்கள்: கடல் மட்டத்துக்கு மேல நன்னீர் ஒரு அடி நிண்டால், கீழ ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். திருப்பிப் படியுங்கோ. மேல ஒரு அடி குறைஞ்சால், கீழயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். வடக்கே கடலும் தெற்கே தொண்டைமானாற்று நீரேரியும் இருக்கிற வடமராட்சிக்கு இது புத்தகக் கணக்கு இல்லை.

1990 யூனில் திரும்பவும் சண்டை தொடங்க, கறண்ட் நிண்டது. எரிபொருளுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்கப்பட்டது. மெசின்கள் மூலைக்குப் போக, கைவிட்ட துலாக்கள் பல இடங்களில் திரும்ப ஏறின. கையால அள்ளின தண்ணியில எங்கட அம்மா அப்பாமார் வளர்ந்தார்கள். அதுக்குப் பிறகு கறண்ட் வர, மோட்டரும் தாங்கியும் அவைக்கு எவ்வளவு பெரிய விடுதலையாய் இருந்திருக்கும் எண்டது விளங்குது.

தாங்கி செய்த வேலை நுட்பமானது. இறைக்கிற நேரத்தையும் பாவிக்கிற நேரத்தையும் அது பிரித்துவிட்டது. மோட்டர் ஒருக்கா ஓடும். குழாய் நாள் முழுக்கத் திறக்கும். அள்ளுற கைக்குத் தெரிஞ்ச கிணற்று மட்டம், குழாயைத் திறக்கிற கைக்குத் தெரியாது.

இப்ப சுடுதண்ணி. 1,000 லீற்றரை 15 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, மோட்டரின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 0.1 அலகு கறண்ட் போதும். அதே தண்ணியை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 37 அலகு வேணும். அதாலதான் விடுதிக்காரர் சூட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார், ஏத்துறதுக்குப் பார்க்கிறதில்லை. பெரிய விடுதிகளில் இன்னொரு சின்ன மோட்டர் சுடுதண்ணியைக் குழாய்க்குள் சுத்தவிட்டுக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் சூடு வருமட்டும் ஒவ்வொரு அறையிலும் நல்ல தண்ணி வீணாய் ஓடும். எங்கட நிலைமையில் அந்த மோட்டரை ஆடம்பரம் எண்டு நான் சொல்லமாட்டன்.

வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில கறண்டில் தண்ணி சுடவைக்கிறது எனக்கு விளங்காத விசயம். 1891இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப், கறுப்புத் தாங்கிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். பின்னேரம் நல்ல சூடு, விடிய ஆறிப்போகும். 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி, சூடாக்கும் பகுதியைக் கீழேயும் சூடு காக்கும் தாங்கியை மேலேயும் வேறாக வைத்தார். சூடான தண்ணி தானாய் மேல ஏறும், குளிர் கீழ இறங்கும்; சுத்தவிட மோட்டரே வேண்டாம். இண்டைக்கு எங்கட கூரைகளில் ஏறுற அந்த வெள்ளித் தாங்கி அவரின் பேரப்பிள்ளைதான்.

ஆனால் கலிபோர்னியாக் கதை இங்க முழுசாய்ப் பொருந்தாது. எங்கட தண்ணி சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணி. சூடேற அந்தச் சுண்ணாம்பு பிரிஞ்சு ஒட்டும். கேத்தலின் அடியில் பிடிக்கிற வெள்ளைப் படை, சூடாக்கியின் கம்பியிலும் சூரியக் குழாயிலும் பிடிக்கும். அதைக் கழட்டித் துப்பரவாக்க வழி வைக்காமல் பூட்டுற தாங்கி கனகாலம் நிக்காது. பூட்ட வருகிறவரிடம் முதல் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

இரண்டாவது கேள்வியை ஒருத்தரும் கேட்கிறதில்லை: இந்தக் கிணறு ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும்? மோட்டரின் குதிரைவலு கட்டிடத்தின் உயரத்தைப் பார்த்துத் தெரிவாகுது, ஊற்றைப் பார்த்து இல்லை. பங்குகாரர் பக்கத்து வளவில இருந்தாலும், அவருடைய முறை எண்ட கதையே எழும்பாது.

2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கு, தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர். இரணைமடுத் தண்ணியைக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பிறகு வந்த வழி அது. அந்தத் தண்ணி வருகிற வீட்டில் மீற்றர் இருக்கும், மாதம் பில் வரும். அதே வளவில் இருக்கிற கிணற்று மோட்டருக்கு மீற்றர் இல்லை. உறுதியில் மட்டும் இன்னும் எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு எண்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.