பழநிப் பாணியும் கடல் கடந்த மாணவர்களும்

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்குச் செல்லும் சாலையில், பழநியை எட்டுவதற்குச் சில கல் தொலைவு முன்னதாக, மலையடிவாரத்தை ஒட்டி அமைந்திருக்கும் ஆயக்குடி, பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையத்தின் தலைமையிடமாக விளங்கிய ஊராகும். இவ்வூரின் வழியாகவே, தைப்பூசக் காலத்தில் பாதயாத்திரைக் கூட்டம் காவடியோடும் மேளத்தோடும் பழநியை நோக்கிச் செல்கிறது. இவ்வட்டாரத்தின் இசைவாழ்வுக்குப் பழநி முருகன் கோயிலே நடுவிடமாக இருந்துவந்துள்ளது. நாகசுரமும் தவிலும் வழிபாட்டின் அங்கமாக நாள்தோறும் ஒலித்த அச்சூழலில்தான், பின்னாளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இளைஞர்கள் பயிலவிருந்த ஒரு மிருதங்கப் பாணி உருப்பெற்றது.

பழநி முத்தையா பிள்ளை தவிலிலும் மிருதங்கத்திலும் தேர்ச்சி பெற்றவர்; கச்சேரி மேடையில் கஞ்சிராவுக்கு இடம் தேடித்தந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். புதுக்கோட்டை மரபின் தனிச்சிறப்பு அதன் கணக்கு வழக்காகும். ஒரு தாளவட்டத்துக்குள் சொற்களைப் பல அளவுகளில் அடுக்கி, மும்முறை ஒலிக்கும் தீர்மானத்தோடு உரிய இடத்தில் வந்து சேரும் முறையையே இங்குக் கணக்கு என்பர். முத்தையா பிள்ளையின் மகனாக 1908ஆம் ஆண்டு பிறந்த சுப்பிரமணிய பிள்ளை, தந்தையிடம் பெற்ற இக்கணக்கோடு, மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியில் எழும் கும்காரத்தை, அதாவது ரவை பூசிய தோலை அழுத்தி நெகிழ்த்தும்போது பிறக்கும் கார்வை மிக்க நாதத்தை, தமக்கேயுரிய அழகோடு சேர்த்து வாசித்தார். பழநிப் பாணி எனப் பின்னர் வழங்கப்பட்டது இந்த இணைப்பே.

அவர் இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை அவையோரை நோக்கி இருக்கவேண்டும் என்பதால் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறத்திலும் வயலின் கலைஞர் இடப்புறத்திலும் அமர்வது மேடை வழக்கம். இடக்கையர் ஒருவர் வாசித்தாலோ இருவரும் இடம் மாறி அமர நேரிடும். அவ்வளவு சிறிய மாற்றத்துக்கும் உடன்படாதவர்கள் இருந்த காலத்தில், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் உறுதியாக நின்று அவரைத் தம் கச்சேரிகளில் அமர்த்தினார். வழக்கத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட ஒருவரின் வாசிப்பு, வழக்கங்கள் அனைத்தும் வேறாக இருந்த நாடுகளில் வேரூன்றியது என்பது இவ்வரலாற்றில் மனத்தை நெகிழச் செய்யும் செய்தியாகும்.

இசை பயிலக் கடல் கடப்பது தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சங்கீதபூஷணம் பட்டம் பெற்றுத் திரும்பினர். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஆயினும் அவர்களுக்கு மொழியும் கோயிலும் உணவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தமையால், குருவின் வீட்டில் தங்கி, ஏவல் செய்து, கேட்டும் பார்த்தும் கற்கும் குருகுல முறை அவர்கள்பொருட்டு மாற வேண்டியதில்லை. அம்முறை மாற நேர்ந்தது, தமிழ் அறியாத மாணவர் எதிரில் வந்து அமர்ந்தபோதுதான்.

அந்த மாற்றத்துக்கு வாயிலாக அமைந்தது வீணை தனம்மாளின் குடும்பம். தனம்மாளின் பேரரும், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழல் பயின்றவருமான த. விசுவநாதன், 1958இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, உலக மக்களின் இசைமரபுகளை ஒப்புநோக்கி ஆராயும் இனவிசையியல் துறையில் ஈராண்டுகள் பயின்றார். அவருடைய அண்ணன் த. ரங்கநாதன் பழநி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர். 1962இல் இவர்களின் தமக்கை பாலசரஸ்வதி கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நடனம் கற்பித்ததைத் தொடர்ந்து, 1963 முதல் ரங்கநாதன் அங்கு மிருதங்கம் கற்பிக்கலானார். சுப்பிரமணிய பிள்ளை வளர்த்த மரபு, அவர் 1962இல் மறைந்த மறு ஆண்டே அட்லாண்டிக் கரையோர மாநிலம் ஒன்றில் பாடமாயிற்று.

வெஸ்லியனில் ரங்கநாதன் எதிர்கொண்ட மாணவர்கள் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே வகுப்புக்கு வருபவர்கள்; பிள்ளைப் பருவத்திலிருந்து கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர்; மிருதங்கத்தை ஒவ்வொருவருக்கும் வாங்கித்தருவதும் அரிது. அதன் தோலோ ஈரப்பதத்துக்கேற்ப இறுகியும் தளர்ந்தும் சுருதி மாறும் இயல்புடையதாதலால், பனிக்காலத்தில் சூடேற்றிய அறைகளின் வறண்ட காற்றில் அதைப் பேணுவதே தனி வேலை. இந்நிலையில் கைகொடுத்தது சொற்கட்டு. தா, தீ, தொம், நம் முதலான முழக்கொலிகளை வாயால் சொல்லிக் கையால் தாளமிடும் பயிற்சிக்குச் சொற்கட்டு என்றும், அதை மேடையில் நிகழ்த்தும் கலைக்குக் கொன்னக்கோல் என்றும் பெயர். தமிழ்நாட்டில் மிருதங்கப் பாடத்தின் துணையாக மட்டும் இருந்துவந்த இப்பயிற்சி, அங்கே கருவியைத் தொடாதவரும் தாளத்தின் கட்டமைப்பை உடலால் உணர்ந்து அறிவதற்குரிய தனிப்பாடமாக வளர்ந்தது. குருகுலத்தில் ஏன் என்று கேட்பது வழக்கமில்லை. அமெரிக்க மாணவர் கேட்டார், ஆசிரியரும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுக் கேட்டே பிடிபட வேண்டியிருந்த கணக்குகள் தாளில் எழுதப்பட்டன. இது மரபைத் தளர்த்தியது என்று கூறுவோர் உண்டு. ஆனால் புதுக்கோட்டைக் கணக்கின் அடிப்படை எத்துணைத் தெளிவானது என்பதை முதன்முதலில் வெளிப்படக் காட்டியவை இத்தகைய வகுப்புகளே என்று கொள்வதே பொருந்தும்.

ஊர் மாறி வந்து இசை பயிலும் இளைஞரின் நிலையை முழுமையாகக் காட்டுவது ஜான் ஹிக்கின்ஸின் வாழ்க்கை. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் 1939இல் பிறந்து, வெஸ்லியனில் மேலையிசை பயின்றுகொண்டிருந்த அவர், அங்கு ராபர்ட் பிரவுனும் ரங்கநாதனும் நடத்திய வகுப்புகளில் கர்நாடக இசையை அறிந்து, முதுகலைப் பட்டம் பெற்றபின் ஃபுல்பிரைட் உதவியோடு சென்னைக்கு வந்து விசுவநாதனிடம் பாட்டுப் பயின்றார். மேலையிசையில் ஒவ்வொரு சுரமும் நிலைபெற்ற ஓர் ஒலிப்புள்ளி. கர்நாடக இசையிலோ சுரம் அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தைத் தொட்டும் நிற்கும் கமகத்தாலேயே இராகம் உருவம் கொள்கிறது. வயது வந்தபின் இந்த அசைவுக்குக் குரலைப் பழக்குவதோடு, தெலுங்கு, தமிழ், சம்ஸ்கிருதச் சாகித்தியங்களின் உச்சரிப்பையும் பொருளையும் ஒருசேரக் கற்க வேண்டியிருந்த அவர், திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் பாடி ரசிகர்களின் அன்பைப் பெற்றார். பாகவதர் என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கேட்போர் வியந்தது அவருடைய நிறத்தை எண்ணி என்று அந்நாளில் சிலர் கருதியிருக்கலாம். அவருடைய இசைத்தட்டுகளில் விளம்பகாலக் கீர்த்தனைகளின் நிதானத்தைக் கேட்பவர்க்கு அக்கருத்து நில்லாது. பாலசரஸ்வதியின் நடனத்துக்குரிய இசையை ஆராய்ந்து 1973இல் வெஸ்லியனில் முனைவர் பட்டமும் பெற்றார்.

எதிர்த்திசைப் பயணமும் உடன் நிகழ்ந்தது. பூவாளூரில் 1942இல் பிறந்து, பழநி சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்று, பதின்மூன்று வயதிலேயே ஆசிரியருடன் மேடையேறிய திருச்சி சங்கரன், 1971இல் கனடாவின் டொராண்டோ நகருக்குக் குடிபெயர்ந்து, ஹிக்கின்ஸுடன் இணைந்து யார்க் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசைப் படிப்பை நிறுவினார். இருபத்தொன்பது வயதில் முற்றிலும் புதிய நாட்டில் ஆசிரியரான அவர், அங்கே ஜாஸ் கலைஞர்களோடும் மேலைத் தாளவாத்தியக் குழுக்களோடும் வாசித்தபோதும், மார்கழி விழாவுக்குச் சென்னைக்கு வந்து வாசிப்பதைக் கைவிடவில்லை. 1978இல் வெஸ்லியனுக்குத் திரும்பிய ஹிக்கின்ஸ், 1984 டிசம்பர் 7ஆம் நாள் சாலையில் வாகனம் மோதி, நாற்பத்தைந்து வயதில் மறைந்தார். கர்நாடக இசைக்கு அது ஈடுசெய்ய இயலாத இழப்பு.

ரங்கநாதன் 1987இல் காலமானார். அவரிடம் பயின்ற டேவிட் நெல்சன், மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் பற்றி வெஸ்லியனில் 1991இல் ஆய்வேடு அளித்து, பின்னர் அங்கேயே கற்பித்து, வகுப்பறையில் பழகிய பாடங்களைப் படிப்படியாக அமைத்துச் சொற்கட்டுக் கையேடு ஒன்றை 2008இல் வெளியிட்டார். சங்கரனும் கொன்னக்கோல் பற்றித் தனிநூல் எழுதினார். சென்னை மியூசிக் அகாதெமி 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதை அவருக்கு அளித்தது. பழநியிலும் கோயில் நிர்வாகத்தின் சார்பில் நாகசுரமும் தவிலும் பயிற்றுவிக்கும் பள்ளி நடைபெற்றுவருகிறது. அங்குச் சேரும் மாணவருக்கு, தம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பாணியின் சொற்களை வெஸ்லியனிலும் டொராண்டோவிலும் அயலார் இரு தலைமுறைகளாகக் கையால் தாளமிட்டுச் சொல்லிவந்திருக்கின்றனர் என்ற செய்தியும், அந்த நூல்களும், பாடத்தின் ஒரு பகுதியாகக் கிடைத்தல் வேண்டும்.