அழிக்கட்டுமா என்று கேட்ட திரை

இன்ஜினியரிங் ரெண்டாம் வருடம் படித்தபோது உபுண்டு சிடி ஒன்று தபாலில் வந்தது. அப்போது இணையத்தில் முகவரி கொடுத்தால் போதும், காசு வாங்காமல் வீட்டுக்கே அனுப்பிவைப்பார்கள். லீவுக்கு ஊருக்குப் போனபோது அதைப் பையில் எடுத்துக்கொண்டேன். வீட்டில் இருந்தது ஒரே கணினி. அதில் அப்பாவின் கடைக் கணக்கும் அக்கா கல்யாணப் படங்களும் இருந்தன. முழு டிஸ்க்கையும் பயன்படுத்தட்டுமா என்று திரை கேட்டது. 'முழுசா' என்றால் நல்லதுதானே என்று நினைத்து ஆமாம் என்றேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அழிக்கிறதுக்கு முன்னாடி அது கேட்டுச்சாடா?" என்றார்.

"கேட்டுச்சுப்பா."

"அப்ப நீதான் சொல்லிருக்க."

இவ்வளவுதான் பேச்சு. மூன்று வருடக் கணக்கைப் பில் கட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றி முடிக்க எனக்கு அந்த லீவு முழுவதும் போனது. கல்யாணப் படங்கள் போனது போனதுதான்.

லினக்ஸின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்த பிறகு ஒரு சின்ன ஆறுதல் கிடைத்தது. அந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு டிஸ்க் அழிந்திருக்கிறது. 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கணினியில் மினிக்ஸ் போட்டு வைத்திருந்தார். பல்கலைக்கழகக் கணினியை மோடம் வழியாகத் தொடர்புகொள்ள அவர் எழுதிய நிரல்தான் வளர்ந்து லினக்ஸ் ஆனது. அந்த ஆரம்ப மாதங்களில் ஒருநாள், மோடத்துக்குப் போகவேண்டிய கட்டளையை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். டயல் செய்யச் சொன்ன எழுத்துகள் டிஸ்க்கின் மேலேயே எழுதப்பட, மினிக்ஸ் இருந்த பார்ட்டிஷன் கெட்டுப்போனது. மினிக்ஸை மறுபடி போடலாம், இல்லை அரைகுறையாக நிற்கும் லினக்ஸையே நம்பி இறங்கலாம். அவர் இறங்கிவிட்டார்.

ஆனால் அவர் கணினியில் ஓடுவது வேறு, என் கணினியில் ஓடுவது வேறு. 1992 தொடக்கத்தில் லினக்ஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு ஃப்ளாப்பிகள். ஒன்று கணினியைக் கிளப்ப, இன்னொன்றில் அடிப்படைக் கோப்புகள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே கிளம்பவேண்டும் என்றால் டிஸ்க்கின் முதல் துண்டைத் திறந்து, பைட் பைட்டாகக் கையால் திருத்தவேண்டும். ஒரு எண் பிசகினால் கணினி எழுந்திருக்காது.

அந்த பிப்ரவரியில் மான்செஸ்டர் கம்ப்யூட்டிங் சென்டரில் வேலை பார்த்த ஓவன் லே பிளாங்க், மெனுவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து நிறுவக்கூடிய ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதே வருடம் பீட்டர் மெக்டொனால்ட் எஸ்எல்எஸ் என்ற பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். எல்லாரும் அதைத்தான் போட்டார்கள், எல்லாரும் அதைத்தான் திட்டினார்கள். அந்தத் திட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் பிறந்தன.

முதலாவது ஸ்லாக்வேர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த பேட்ரிக் வோல்கர்டிங், பேராசிரியருக்காக எஸ்எல்எஸ்ஸை நிறுவப்போய், வழியில் கண்ட பிழைகளையெல்லாம் சரிசெய்துகொண்டே வந்தார். 1993 ஜூலையில் அது 24 ஃப்ளாப்பிகளுக்கான தொகுப்பாக வெளியானது. டயல்-அப்பில் ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றாக எழுதி, வரிசையாகப் போடவேண்டும். நடுவில் ஒன்று படிக்காமல் போனால் அந்த ஃப்ளாப்பியை மறுபடி எழுதவேண்டும்.

இரண்டாவது டெபியன். 1993 ஆகஸ்ட் 16 அன்று பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் அதை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. எஸ்எல்எஸ் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதுதான் அவருடைய கோபம். ஒரு தொகுப்பை நிறுவிக் கொடுத்தால் மட்டும் போதாது, நாளைக்கும் அடுத்த வருடமும் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று நினைத்தார். அந்தச் சமயத்தில் ஒரு மென்பொருளைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். கல்யாண வீட்டில் ஒரு சாமானுக்காகக் கடைக்கு ஓடி, திரும்பி வந்ததும் அடுத்த சாமானுக்கு ஓடுவது மாதிரி. 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-இல் 'ஏபிடி' இருந்தது. பெயரைச் சொன்னால் போதும், அதற்கு வேண்டியதையெல்லாம் தானே தேடிக் கொண்டுவந்துவிடும்.

நிறுவுவதில் இருந்த பயமும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. 2000-இல் ஜெர்மனியின் கிளாவுஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடியது. 2004-இல் வந்த உபுண்டு, 2006 ஜூனில் வெளியிட்ட 6.06-இல், சிடியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் அங்கிருந்தே நிறுவும் வசதியைக் கொடுத்தது. அதன் பிறகு வந்த ஒரு பதிப்பில்தான் நான் அப்பாவின் கணக்கை அழித்தேன். அதாவது, முந்தைய ஆட்கள் பட்ட கஷ்டத்தையெல்லாம் ஆறேழு கேள்விகளாகச் சுருக்கி என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றைத்தான் நான் சரியாகப் படிக்கவில்லை.

உபுண்டு இன்னொன்றும் செய்தது. யூனிக்ஸ் உலகில் 'ரூட்' என்பவர் வீட்டுச் சொந்தக்காரர், மற்றவர்கள் குடித்தனக்காரர்கள். பல்கலைக்கழகக் கணினிகளில் அது பொருந்தும். தனி ஆள் வீட்டில் வைத்திருக்கும் கணினியில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். உபுண்டு ரூட் கணக்கைப் பூட்டிவைத்துவிட்டு, நிறுவியவருக்கு 'சுடோ'வைக் கொடுத்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷெல், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதிய சின்ன நிரல் அது. குடித்தனக்காரர் ஒரு காரியத்துக்கு மட்டும் சொந்தக்காரராகி, முடிந்ததும் பழையபடி திரும்பிவிடலாம். முதல்முறை பயன்படுத்தும்போது அது மூன்று விஷயம் சொல்லும். அடுத்தவர் அந்தரங்கத்தை மதி, அடிக்குமுன் யோசி, அதிகாரம் பெரிதென்றால் பொறுப்பும் பெரிது. அப்பா சொன்னதும் அதுதான். என்ன, கொஞ்சம் சுருக்கமாகச் சொன்னார்.

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அடித்தளம் டெபியன்தான். இயன் மர்டாக்கின் கோபம் சுற்றிச் சுற்றி எங்க ஊர் அரசுப்பள்ளிப் பிள்ளைகள் கைக்கே வந்திருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் ஒரு பையன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, இதுல ரெண்டு இருக்குண்ணே. ஒண்ணத் தூக்கிருங்க." எது எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைக்காரர் தூக்கிக் கொடுத்தார். அவன் மெஷினில் இருந்தது என்ன என்பதை அரசு ஒருமுறை முடிவு செய்தது, கடைக்காரர் ஒருமுறை முடிவு செய்தார். அவனை உட்காரவைத்து எந்தத் திரையும் எதையும் கேட்கவில்லை.

இன்று நம் பையில் இருக்கும் போன்களில் பலவற்றில் ரூட் நமக்குக் கிடையாது. எல்லாம் நிறுவப்பட்டே வருகிறது, அதுவே புதுப்பித்துக்கொள்கிறது. என் அப்பாவின் கணக்கைப்போல எதுவும் அழியாமல் இருக்க அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அழிக்கும் உரிமை இல்லாத வீட்டில் நாம் குடித்தனக்காரர்தான், வாடகை ஒழுங்காகக் கட்டினாலும்.

போன வருடம் அப்பாவின் பழைய லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது. லினக்ஸ் போடலாமா என்று கேட்டேன். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதே கேள்வி வந்தது.

"கணக்க வேற எடத்துல எடுத்து வச்சுட்டியா?"

"வச்சுட்டேன்பா. ரெண்டு எடத்துல."

"தள்ளு," என்று சொல்லி மவுஸை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு அவரே அழுத்தினார்.