ஓரத்துப் பட்டை: வீட்டோடு வந்ததும் குடிவந்ததும்

பெரியப்பா மகன் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விடிவதற்குள் அங்கே போய் நின்றால், அண்ணனுடைய இடது கட்டைவிரலைப் பார்ப்பதற்கே பொழுது சரியாக இருக்கும். வலது கை முழுக்க மல்லிகைக்கு. மூட்டையைப் பிரிக்கும், தராசில் கொட்டும், ஒரு பிடி அள்ளி மொட்டு எப்படி என்று பார்க்கும், சீட்டு எழுதும். போனுக்கு மிச்சமிருப்பது இடது கை மட்டும். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்: “அண்ணே, இன்னிக்கு என்ன போகுது?” பதில் சொல்ல வேண்டும். வந்த பூவுக்கு எடையும் விலையும் பெருக்க வேண்டும். பணம் போட வேண்டும். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இருட்டில் மூட்டைக்குள் பார்க்க வெளிச்சம் வேண்டும். வாட்ஸ்அப், கால்குலேட்டர், ஜிபே, கேமரா, டார்ச். அவருடைய காலைப்பொழுது இந்த ஐந்தையே சுற்றி வருகிறது.

அவருடைய சாம்சங் போனில் இடது ஓரத்தில், கட்டைவிரல் தானாகப் போய்ப் படும் உயரத்தில், அரை விரல் நீளத்துக்கு மங்கலான கோடு ஒன்று உண்டு. தெரிந்தவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும். அதை உள்பக்கமாக இழுத்தால் அந்த ஐந்து ஆப்புகளின் படங்களும் ஒரு பட்டையில் வரிசையாக வந்து நிற்கும். பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரில் விரல் ஈரமாக இருந்தால் திரை கேட்காது. தோளில் கிடக்கும் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுப்பார். பார்க்காமலேதான் இழுப்பார்.

வீட்டில் மதினியின் போனிலும் இதே மாதிரிப் பட்டை ஒன்று இருக்கிறது. பிறப்பு வேறு. மதினி தையல் மிஷின் போட்டிருக்கிறார். போன் வேறு கம்பெனி, விலை குறைந்தது, பட்டை கிடையாது. அப்பா போனில் இருப்பது அம்மாவுக்கும் இருக்கட்டும் என்று மகன் பிளே ஸ்டோரிலிருந்து ஒரு சைடுபார் ஆப்பை இறக்கிப் போட்டுக் கொடுத்தான். ஆக, ஒரே வீட்டில் இரண்டு பட்டைகள். ஒன்று வீட்டோடு கட்டிக் கொடுத்தது. மற்றது பின்னால் குடிவந்தது. சில மாதமாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன்.

இப்படியொரு பட்டை ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை மூன்றரை அங்குலம். கட்டைவிரல் நான்கு மூலைக்கும் போய்வந்தது. இன்று ஆறரை அங்குலத்துக்குக் குறைந்த போனைக் கடையில் தேடித்தான் எடுக்க வேண்டும். போன் வளர்ந்தது, விரல் வளரவில்லை. போனை மக்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று வடிவமைப்பாளர் ஸ்டீவன் ஹூபர் 2013இல் தெருவிலும் பஸ்ஸிலும் 1333 பேரைக் கவனித்து எழுதினார். திரையைத் தொட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒற்றைக் கையில் பிடித்திருந்தார்கள். மதுரை டவுன் பஸ்ஸில் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும் கூட்டத்தைக் கணக்கெடுத்திருந்தால் அந்த எண் இன்னும் ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

ஓரத்துக்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு. குறி எவ்வளவு பெரிதோ, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கை போய்ச் சேரும் என்று 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் ஒரு சூத்திரம் சொன்னார். கம்ப்யூட்டரில் மவுஸ் அம்பு திரை ஓரத்தைத் தாண்டிப் போகாது; அதனால் ஓரத்தில் இருக்கும் பொருளைக் குறி தவறாமல் பிடிக்கலாம். போனில் விரல் ஓரத்தோடு நிற்காது, வழுக்கி வெளியே போய்விடும். ஆனால் ஓரம் எங்கே என்று விரலுக்குத் தொட்டாலே தெரிகிறது. அடுப்படியில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கடுகுக் குழியில் கை விடுகிறவர் கண்ணால் பார்ப்பதில்லை. அதே வசதிதான்.

சாம்சங் இந்த வேலையைத் தொடங்கியது 2014இல், நோட் எட்ஜ் போனில். திரையின் வலது ஓரத்தை மட்டும் வளைத்து, அந்த வளைவில் படங்களை அடுக்கினார்கள். இடது கைக்காரர்கள் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு எஸ்6 எட்ஜில் இரண்டு பக்கமும் வளைந்தது. பிறகு வளைவே இல்லாத தட்டைத் திரைக்கும் பட்டை வந்தது. 2024இல் எஸ்24 அல்ட்ராவில் திரை மறுபடி முழுத் தட்டையாகிவிட்டது. வளைவைக் காரணமாகச் சொல்லிப் பிறந்த பட்டை, வளைவு போன பிறகும் போகவில்லை. ஒப்போ, ரியல்மீ, ஷாவ்மி என்று மற்றவர்களும் தங்கள் போன்களில் இதைப் போலவே ஒன்றை வைத்துவிட்டார்கள்.

இனி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அண்ணன் பட்டையை யாரும் நிறுவவில்லை. செட்டிங்ஸில் டிஸ்பிளேக்குள் போய் எட்ஜ் பேனல் என்பதை ஆன் செய்ததோடு சரி. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, எவ்வளவு உயரம், எவ்வளவு மங்கல் எல்லாம் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். மதினியின் ஆப் திறந்ததுமே அனுமதி கேட்டது. பிற ஆப்புகளின் மேல் காட்ட அனுமதி வேண்டுமாம். ஆண்ட்ராய்டு 6இலிருந்து, அதாவது 2015 முதல், இந்த அனுமதியைச் சாதாரணமாக ஒரு பெட்டியில் ‘சரி’ அழுத்திக் கொடுக்க முடியாது. செட்டிங்ஸுக்குள் தனிப் பக்கம் போய்த் திறந்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, இந்த ஆப் மற்றவற்றின் மேல் நிற்கிறது என்று நோட்டிபிகேஷனில் எழுதிக் காட்டவும் ஆரம்பித்தது. குடிவந்தவர் வாசலில் பெயர்ப்பலகை மாட்டியே ஆக வேண்டும் என்பது போல.

அனுமதி கொடுத்ததோடு முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் பட்டையைக் காணோம். மதினி எனக்குப் போன் போட்டார். “தம்பி, நேத்து வரைக்கும் இருந்துச்சு, எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல.” பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் அதை ராத்திரியோடு ராத்திரியாக மூடிவிட்டிருந்தது. பின்னணியில் ஓடுகிற ஆப்புகளைச் சாகடிப்பதில் சில கம்பெனிகளின் போன்களுக்குத் தனி ஆர்வம் உண்டு. பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்து, தானாகத் தொடங்க அனுமதி கொடுத்து, சமீபத்திய ஆப் பட்டியலில் பூட்டும் போட்ட பிறகே அது நிலைத்தது. அண்ணன் பட்டைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது போனின் அங்கம். அதைப் போன் எதற்காகக் கொல்லப்போகிறது?

மற்றொரு நாள் வேறு புகார். பேங்க் ஆப்பைத் திறந்தால் பட்டை மறைகிறது, மூடினால் வருகிறது. இது கோளாறு இல்லை. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இலிருந்து, தன் திரைமேல் வெளியாள் எவரும் நிற்கக் கூடாது என்று ஓர் ஆப் சொல்லிவைக்கலாம். சொன்னால் குடிவந்த பட்டைகள் எல்லாம் விலகி நிற்கும். போனின் சொந்தப் பட்டைக்கு அந்த உத்தரவு இல்லை. காரணம் நியாயமானதுதான். 2017இல் ஜார்ஜியா டெக்கும் சான்டா பார்பராவின் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘க்ளோக் அண்ட் டாகர்’ என்ற தாக்குதல் முறையைக் காட்டினார்கள். மேலே படுதா போல ஒன்றைக் காட்டும் அனுமதியும், அக்சஸபிலிட்டி எனப்படும் அணுகல்வசதி அனுமதியும் ஒரே ஆப்பிடம் சேர்ந்தால், நீங்கள் எதையோ அழுத்துவதாக நினைத்து வேறு எதையோ அழுத்த வைக்கலாம், தட்டுவதைத் திருடலாம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சைடுபார் ஆப்புகளில் பல, அணுகல்வசதி அனுமதியையும் கேட்கும். பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்காக வைத்த வாசல் அது. திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் அதன் வழியாக முடியும். பட்டையில் பேக், ஹோம், ஸ்கிரீன்ஷாட் பொத்தான்கள் வேண்டுமென்றால் ஆப்புக்கு அது தேவைப்படும். வெறுமனே ஜிபேயையும் கால்குலேட்டரையும் திறக்க அது வேண்டவே வேண்டாம். மேலே காட்டும் அனுமதி ஒன்றே போதும். மகன் இரண்டையும் கொடுத்து வைத்திருந்தான். நான் ஒன்றைப் பிடுங்கினேன். பட்டை முன்போலவே வேலை செய்தது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளில் சில கேட்பதும் இதே வாசலைத்தான். அதனால்தான் ஆண்ட்ராய்டு 13, ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கிய ஆப்புகளுக்கு இந்த வாசலைச் சட்டென்று திறந்துவிடுவதில்லை.

அடுத்தது ஓரத்தை யார் ஆள்வது என்ற சண்டை. 2019இல் ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த சைகை முறையில், இரண்டு ஓரங்களில் எதை உள்ளே இழுத்தாலும் பின்னால் போகும். பட்டை ஆப்புகளின் வயிற்றில் அடித்தது அதுதான். ஓர் ஆப் கேட்டால், ஓரத்தில் 200 டிபி என்ற திரை அளவு உயரத்துக்கு மட்டும் விலக்குக் கிடைக்கும். சென்டிமீட்டரில் சொன்னால் மூன்று சொச்சம். அதற்கு மேலே கீழே விரல் பட்டால் பட்டை வராது, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் போய்விடும். கீழே மூன்று பொத்தான் இருக்கும் பழைய முறைக்கே மதினியின் போனை மாற்றி வைத்தேன், சண்டை ஓய்ந்தது. அண்ணன் ஆரம்பத்திலிருந்தே மூன்று பொத்தான் ஆள்.

குடிவந்ததற்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தொட்டால் நேராக அழைப்புப் போக வேண்டும், காலண்டர் விட்ஜெட் பட்டையிலேயே விரிய வேண்டும், படத்தின் அளவும் நிறமும் தன் விருப்பப்படி இருக்க வேண்டும் என்கிறவருக்கு நல்ல சைடுபார் ஆப் வளைந்து கொடுக்கிற மாதிரி கம்பெனிப் பட்டை கொடுக்காது. பெரிய லாபம் வேறு: போனின் பிராண்டை மாற்றினாலும் ஆப் கூட வரும். சாம்சங்கை விட்டு வேறு கம்பெனிக்குப் போனால் அண்ணன் தன் பட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் அண்ணனுக்கு வேலை நடப்பது வேறொரு சூட்சுமத்தால். பட்டையிலிருந்து கால்குலேட்டரை விரலோடு பிடித்துத் திரை நடுவில் கொண்டுவந்து விட்டால், அது வாட்ஸ்அப்பின் மேலேயே சின்னப் பெட்டியாக மிதக்கும். விவசாயி அனுப்பிய எடை கீழே தெரிகிறது, மேலே பெருக்கல் நடக்கிறது. எடையை மனதில் வைத்துக்கொண்டு ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கிற வேலையே இல்லை. வெளி ஆப்புக்கு இந்த உரிமை எல்லாப் போனிலும் ஒழுங்காகக் கைகூடுவதில்லை. கடைக்காரருக்கு ஒரு தட்டு மிச்சமாவதைவிட எண் மறக்காமல் இருப்பது முக்கியம். என்னைக் கேட்டால், இந்த ஒன்றுக்காகவே போனோடு வந்த பட்டைக்கு முதலிடம் கொடுப்பேன். அது இருக்கும் போனில் மேலே இன்னொரு ஆப்பை ஏற்றுவது வீண்.

டவுன்ஹால் ரோட்டில் விற்கிற போன் கவரைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான பவுச்சுகளின் உதடு திரை ஓரத்தைவிட உயரமாக எழும்பி நிற்கும். விரல் அந்த உதட்டில் ஏறி இறங்குவதற்குள் ஓரத்தைத் தாண்டிவிடும். பட்டை எதுவானாலும் இழுபடாது. ஆப் சரியில்லை என்று சொல்கிறவர்களிடம் முதலில் கவரைக் கழற்றச் சொல்வது என் வழக்கம்.

இத்தனை அனுமதியும் பூட்டும் செய்துகொடுத்தும் மதினி ஒரு மாதத்தில் பட்டையைத் தொடுவதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, மிஷின் பலகையைக் காட்டினார். போன் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. இரண்டு கையும் துணியில் இருக்கும்போது அவர் போனைப் பிடிப்பதே இல்லை. ஆள்காட்டி விரலை மேலிருந்து வைத்துத் தட்டுகிறார். கிடக்கிற போனை ஓரத்தில் இழுத்தால் போனே நகர்ந்து போகும். கேலரியில் பிளவுஸ் டிசைன், யூடியூப், பணம் வந்ததா என்று பார்க்க ஒரு ஆப். மூன்றையும் ஹோம் ஸ்கிரீனின் நடுவில் பெரிதாக வைத்துக்கொண்டார். “எனக்கு இதுவே வாகா இருக்கு தம்பி.” அனுமதிகளையும் பேட்டரியையும் நான் அலசிக்கொண்டிருந்த ஒப்பீட்டில், போன் கையில் இருக்கிறதா பலகையில் இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன். நின்றுகொண்டே ஒற்றைக் கையில் ஓடுகிற தொழிலுக்குப் பட்டை. உட்கார்ந்து இரண்டு கையும் வேலையில் இருக்கிற தொழிலுக்கு அது, யார் போட்டுக் கொடுத்திருந்தாலும், சும்மா கிடக்கும்.

போன வாரம் மார்க்கெட்டில் அண்ணன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. “குடு தம்பி, ஒரு கணக்கு” என்று என் போனை வாங்கினார். நான் பட்டை எதுவும் வைத்துக்கொள்வதில்லை, சைகை முறை. அவர் கட்டைவிரல் பார்க்காமலே இடது ஓரத்துக்குப் போய் உள்ளே இழுத்தது. நான் படித்துக்கொண்டிருந்தது மூடியது. மறுபடி இழுத்தார். அதற்கு முந்தைய பக்கமும் போனது.

“என்னப்பா, தொட்டாலே ஓடுது உன் போனு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தராசைப் பார்த்தார். 12 கிலோ 400. விலை 600.

“ஏழாயிரத்து நானூத்தி நாப்பது. எழுதிக்க.”